கோமங்கலத்து வீட்டு டிரையர்: காற்று போக வழியில்லாமல் துணி காயாத கதை

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற ரோட்டில், கோமங்கலம் தாண்டி, தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. ஆனி மாதக் கடைசி, சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த நேரம். காலை ஆறரை மணிக்கே போன் வந்துவிட்டது. "ஏனுங்ணா, டிரையர்ல மூணு மணி நேரம் ஓட்டியும் பெட்ஷீட் ஈரமாவே இருக்குதுங்க, இன்னைக்கு வர முடியுங்களா?" குரலைக் கேட்டாலே ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது. வீட்டில் அவருடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) எட்டு மாதமாகப் படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு நாலு பெட்ஷீட், ஆறேழு துண்டு, அப்புறம் விரித்துப் போடுகிற பழைய நூல் சேலைகள். வெயில் காலத்தில் தோப்பில் கொடி கட்டிப் போட்டால் ரெண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். ஆனி ஆடியில் அது நடக்காது, ஈரத் துணியில் படுக்கவைத்தால் முதுகில் புண் வந்துவிடும். அந்த வீட்டில் டிரையர் ஆடம்பரத்துக்கு வாங்கிய பொருள் இல்லை.

அதனால்தான் இந்தக் கேஸை முழுசாக எழுதுகிறேன். நான் போவதற்கு முன்னால் ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். முதல் தடவை தெர்மல் ஃபியூஸ் (சூடு எல்லை மீறினால் அறுந்து ஹீட்டரை நிறுத்துகிற பாதுகாப்பு) மாற்றம். ரெண்டாம் தடவை ஹீட்டரும் ஃபியூஸும் சேர்த்து மாற்றம். மூன்றாம் தடவை என்ன செய்தார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூன்று மாதம் ஓடும், மறுபடி அதே கதை.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்க்கிற விதத்துக்கு அதுதான் காரணம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டம்ளர் டிரையருக்கு ஃபிட்டராக இருந்தவன் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டபோது வேலை போய், வீட்டு மெஷின் சர்வீஸுக்கு வந்தேன். பட்டறையில் ஒரு லோடு என்பது மூட்டைக் கணக்கில் பனியன் துணி. காற்று உறிஞ்சிக்கொண்டு போகிற பஞ்சு எல்லாம் ஒரு தனி அறையில் வந்து விழும், ஷிஃப்டுக்கு ஒரு தடவை அதை அள்ள வேண்டும். அள்ளவில்லை என்றால் அடுத்த லோடு காயாது. எங்க மேஸ்திரி, டம்ளர் காயவில்லை என்று யார் போய் நின்றாலும், "பஞ்சு ரூமைத் தொறந்து பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்பார். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நீராவி வால்வு பக்கமே போக விடுவார். வீட்டு டிரையரும் அதே சாதிதான், அளவுதான் சின்னது.

மெஷின் 5.5 கிலோ கொள்ளளவு, 2000 வாட் ஹீட்டர், காற்றை வெளியே தள்ளுகிற வகை. வீடு கட்டும்போதே வாங்கி, மாடியில் துணி துவைக்கிற சின்ன அறையில் வைத்திருக்கிறார்கள். (உள்ளேயே ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் பிடிக்கிற கண்டென்சர் வகை, ஹீட் பம்ப் வகை வேறு. அவற்றில் வெளிக்குழாய் கிடையாது, இங்கே சொல்கிற பாதி விஷயம் அவற்றுக்குப் பொருந்தாது.) அறைக்குள்ளிருந்து காற்றை இழுத்து, ஹீட்டர் வழியாகச் சூடாக்கி, டிரம்முக்குள் விட்டு, ஈரத்தோடு சேர்த்து ஃபில்டர் வழியாக புளோயர் வெளியே தள்ளும். இவ்வளவுதான் இதன் வேலை.

போனதும் மெஷினைப் பிரிக்கவில்லை. துவைத்துப் பிழிந்த துணியை, தேங்காய் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 7.1 கிலோ. அதே அளவு துணி காய்ந்த நிலையில் 4.6 கிலோ என்பதை ஏற்கனவே காய்ந்திருந்ததை நிறுத்துத் தெரிந்துகொண்டேன். ஆக வெளியேற வேண்டிய தண்ணீர் இரண்டரை லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் கிட்டத்தட்ட 0.67 யூனிட் கரண்ட் வேண்டும், இயற்கையின் கணக்கு அது, ஹீட்டர் வைத்துச் சூடாக்குகிற எந்தக் கம்பெனி மெஷினும் குறைக்க முடியாது. ரெண்டரை லிட்டருக்கு 1.7 யூனிட். 2000 வாட் ஹீட்டர் தொடர்ந்து எரிந்தால், அங்கே இங்கே வீணாவதையும் சேர்த்து, ஒன்றே கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை. இங்கே ஆவது ரெண்டு மணி ஐம்பது நிமிடம், அதற்கப்புறமும் பெட்ஷீட் ஓரத் தையல் ஈரம்.

அப்புறம் கிளாம்ப் மீட்டர், ஒயரைச் சுற்றிப் பிடித்தாலே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டுகிறது. நான் எப்போதும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரை வைத்திருப்பேன், அதில் மூன்று ஒயரும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், ஒன்றை மட்டும் கிளாம்புக்குள் விடலாம். மெஷினைப் போட்டேன். 9.6 ஆம்பியர். ஹீட்டர் நன்றாக எரிகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூணாவது நிமிடம் முடியும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், மீட்டர் 0.9க்கு இறங்கியது. மோட்டார் மட்டும் ஓடுகிறது. நாலரை நிமிடம் அப்படியே. மறுபடி 'டக்', 9.6. மறுபடி மூணு நிமிடம், மறுபடி நாலரை. துணி சொட்டச்சொட்ட ஈரமாக இருக்கிற ஆரம்பத்திலேயே ஹீட்டர் இப்படி அணைந்து அணைந்து எரியக்கூடாது. ஏழரை நிமிடத்தில் மூணு நிமிடம் என்றால் நூற்றுக்கு நாற்பது. ஒன்றே கால் மணி நேர வேலை ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஏன் இழுக்கிறது என்பதற்கு அங்கேயே பதில் வந்துவிட்டது.

ஹீட்டர் பழுதில்லை. ஹீட்டரைப் பாதுகாக்கிற தெர்மோஸ்டாட்டும் பழுதில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. ஹீட்டர் பெட்டிக்குள் காற்று போதுமான அளவு ஓடாததால் சூடு ஏறி, அது அணைத்துவிடுகிறது. கணக்கு எளிது. 2000 வாட் ஹீட்டர் மேல் மணிக்கு 140 கன மீட்டர் காற்று ஓடினால் அந்தக் காற்றின் சூடு சுமார் 44 டிகிரி ஏறும். அறையில் 28 டிகிரி என்றால் டிரம்முக்குள் 72 டிகிரியில் நுழையும், துணிக்கும் நல்லது. அதே ஹீட்டர் மேல் 40 கன மீட்டர்தான் ஓடுகிறது என்றால் 155 டிகிரி ஏறப் பார்க்கும். ஏற விடுவார்களா? தெர்மோஸ்டாட் அணைக்கும். அதையும் மீறினால் தெர்மல் ஃபியூஸ் ஒரேயடியாக அறுந்துபோகும். ஃபியூஸ் போனது நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி.

சரி, காற்று எவ்வளவுதான் வருகிறது? இதற்கு நான் வைத்திருப்பது ஒரு பெரிய பாலிதீன் பை, நூல் மூட்டைக்குள் வருவது. 20 லிட்டர் கேனில் பத்துத் தடவை தண்ணீர் ஊற்றி அளந்து, 200 லிட்டர் மட்டத்தில் கயிறு கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். பையை நன்றாகச் சுருட்டிக் காற்றை வெளியேற்றி, குழாய் வாயில் பிடித்துவிட்டு, உப்பி நிற்க எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். ஏணி போட்டு வெளிச்சுவரில் ஏறிப் பிடித்தேன். 18 வினாடி. அப்படியென்றால் மணிக்கு 40 கன மீட்டர். இந்த அளவு மெஷினுக்கு 5 அல்லது 6 வினாடியில் பை நிறைய வேண்டும். யாரிடமும் காற்று அளக்கிற கருவி இல்லாவிட்டாலும் இந்தப் பை போதும், ஒரே ஒரு நிபந்தனை, வெளியே காற்று அடிக்காத நேரத்தில் பிடிக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் மரம் அசையவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, ஆனால் அதனால்தான் ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டேன்.

அடைப்பு எங்கே? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துணிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி வரிசையாகப் பார்த்தேன்.

ஃபில்டர் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அந்த வீட்டு அம்மணி ஒவ்வொரு லோடுக்கும் பஞ்சைத் துடைத்து எடுக்கிறவர். ஆனாலும் குழாயடியில் பிடித்து வலை மேல் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் வழியவில்லை, உள்ளங்கையில் நிற்கிற மாதிரி வலை மேல் நின்றது. வாசனைக்காக ஊற்றுகிற கம்ஃபர்ட் மாதிரித் திரவங்கள் துணியில் ஒட்டி, அங்கிருந்து வலைக் கண்ணில் மெழுகு போலப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்து ரெண்டு பக்கமும் தேய்த்தேன். அப்புறம் ஊற்றின தண்ணீர் நேராக இறங்கிப் போனது. அம்மணி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இத்தன நாளா நான் சுத்தம் பண்றன்னு நெனச்சுட்டு இருந்தனுங்ணா" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பஞ்சை எடுக்கச் சொல்வார்கள், வலையைக் கழுவவும் வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

பின்பக்கத் தகடைக் கழற்றினேன். புளோயர் இறக்கைகளுக்கு நடுவே பஞ்சு, ஃபில்டர் கூட்டுக்கும் புளோயருக்கும் நடுவில் இருக்கிற பாதையில் பஞ்சு, ஹீட்டர் பெட்டி ஓரத்தில் கொஞ்சம் கருகின பஞ்சு. அங்கேதான் அந்த மூன்றாவது ரிப்பேரைப் பார்த்தேன். தெர்மல் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ரெண்டு ஒயரையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி, 'டைரக்ட்' கொடுத்திருக்கிறார்கள். அடிக்கடி போகிறது, அதனால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. நடக்க முடியாத பெரியவர் ஒருவர் கீழ் அறையில் படுத்திருக்கிறார், மேலே இந்த மெஷின் ராத்திரியில் ஓடுகிறது. வீட்டுக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, புளோயரிலிருந்து எடுத்த பஞ்சில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி வாசற்படிக் கல்லில் வைத்து, தீக்குச்சியைக் காட்டினேன். ஊதினால் அணைகிற தீ இல்லை அது. ஓரத்தில் தொட்டதும் மேல் பூராவும் ஒரு நீல நிறம் ஓடி, அடுத்த மூச்சு விடுவதற்குள் கருப்பு வளையம் மட்டும் மிச்சம். திருப்பூர், கோயமுத்தூரில் மில்லில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில் இல்லாத வீடு கொங்கு நாட்டில் குறைவு. பஞ்சுக் குடோனில் தீப்பிடித்தால் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வீடு டிரையர் வைத்திருக்கிற அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரையிலான கணக்கைப் பார்த்து அவர்களுடைய தீயணைப்பு நிர்வாகம் சொன்னது, வருடத்துக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் டிரையரில் தொடங்குகின்றன, அதில் முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, நூற்றுக்கு 34. ஃபியூஸை டைரக்ட் செய்கிற யாரும் தன் வீட்டு மெஷினில் அதைச் செய்வார்களா என்று யோசிக்க வேண்டும்.

மெஷினுக்குப் பின்னால் இருந்த வெள்ளி நிறச் சுருள் ஹோஸ் அடுத்தது. இடம் போதவில்லை என்று மெஷினைச் சுவரோடு அழுத்தித் தள்ளியதில் ஹோஸ் சப்பட்டையாகி, உள்ளே ரெண்டு விரல்தான் போனது. அதன் மடிப்பு மடிப்பான உட்பக்கம் முழுக்கப் பஞ்சு பிடித்து, ஈரத்தில் பிசினாக ஒட்டியிருந்தது. சுவரில் சேருகிற இடத்தில் ஹோஸ் லேசாகக் கழன்று ஈரக் காற்று அறைக்குள்ளேயே கசிந்திருக்கிறது, சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கருப்புப் பூஞ்சை. அப்புறம் சுவருக்குள்ளே பிவிசி குழாய், கடைசியாக மேற்குச் சுவரில் வெளிவாய். அந்த வாயில் கொசு வலை அடித்திருந்தார்கள். வலை என்று சொல்லக்கூடாது, கையில் எடுத்தபோது கம்பளி மாதிரி இருந்தது. அரை அங்குலக் கனத்துக்குப் பஞ்சு, சாம்பல் நிறத்தில், ஒரே துண்டாக உரிந்து வந்தது. கொசுவும் அணிலும் வராமல் இருக்க நல்ல எண்ணத்தில்தான் அடித்திருக்கிறார்கள். டிரையர் வாயில் வலை எப்போதும் ஆகாது. ஃபில்டரைத் தாண்டி வருகிற கொஞ்சம் பஞ்சும் அங்கே போய் உட்காரும்.

வலையை எடுத்தேன், ஹோஸைப் புதுசாகக் கொஞ்சம் விறைப்பான அலுமினியத்தில் மாற்றி மெஷினை அரை அடி முன்னே இழுத்து வைத்தேன், புளோயர், பாதை எல்லாம் பிரஷ் போட்டு வேக்குவத்தில் இழுத்தேன், சரியான அளவில் புதுத் தெர்மல் ஃபியூஸ் போட்டேன். பை எட்டரை வினாடியில் நிறைந்தது. மணிக்கு 85 கன மீட்டர். அதே அளவு துணி ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் காய்ந்தது. எட்டரை என்பது ஆறு இல்லை என்பது எனக்குத் தெரியும். சுவருக்குள் இருக்கிற குழாய் சின்னது என்பதும் பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் சுவரை உடைக்கச் சொல்ல மனசு வரவில்லை, ஏற்கனவே நிறையச் செலவு செய்த வீடு. "இப்போதைக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் தப்பு.

பன்னிரண்டாம் நாள் போன். "அண்ணா, டிரம் சுத்துது, சூடே இல்லைங்க."

நான் போட்ட புது ஃபியூஸ் அறுந்திருந்தது. பையில் இன்னொரு ஃபியூஸ் இருந்தது, கையில் எடுத்தேன், எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன். அதைப் போட்டால் எனக்கு முன்னால் வந்தவர்கள் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். எப்போது போனது என்று கேட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல், நல்ல காற்று என்றார்கள். எப்போதெல்லாம் மோசமாகக் காய்கிறது என்று யோசித்துச் சொல்லச் சொன்னேன். அம்மணி கொஞ்ச நேரம் யோசித்து, "மழை நாள்ல கூட சில சமயம் நல்லா காயுதுங்ணா, சில நாள் வெயில் அடிச்சாலும் காயறதில்லைங்க" என்றார். அதற்குள் கட்டிலிலிருந்து அம்மிச்சி, "காத்து அடிச்சா அந்தப் பொட்டி ஊதும் சாமி, கடகடன்னு" என்றார். எட்டு மாதமாகப் படுத்துக்கொண்டு அந்த வீட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவர். மூன்று மெக்கானிக், நான் ஒருவன், நாலு பேரில் யாருமே அவரிடம் கேட்கவில்லை.

அந்த வீட்டு மாடியில் நின்று தெற்கே பார்த்தால் ஆனைமலை வரிசை, மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கேயும் வடக்கேயும் திரும்பினால் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள். கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற மேல்காத்தை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன. அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதே திசையைப் பார்த்து டிரையர் வாயை வைத்திருக்கிறார்கள்.

காற்று அடிக்கும்போது பை உதவாது. அதனால் கொத்தனார்கள் தண்ணி மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான டியூப் ஒன்றரை மீட்டர் எடுத்தேன். ஒரு பலகையில் 'ப' எழுத்து வடிவில் வளைத்துக் கட்டி, பாதி வரைக்கும் தண்ணீர், தெரிவதற்காகக் கொஞ்சம் மஞ்சள் தூள். ஒரு முனையை, மெஷினுக்குப் பின்னால் குழாயில் 3 மி.மீ. துளை போட்டு அதில் செருகினேன். இன்னொரு முனை திறந்திருக்கும். குழாய்க்குள் அழுத்தம் ஏற ஏற ரெண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் விலகும், எத்தனை மி.மீ. விலகுகிறது என்று ஸ்கேலில் பார்த்துக்கொள்ளலாம். வெளிக்குழாய் தரும் எதிர் அழுத்தம் 0.6 அங்குலத் தண்ணீருக்கு, அதாவது 15 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் வைக்கிற எல்லை.

மெஷினைப் போடுவதற்கு முன்னாலேயே தண்ணீர் அசைந்தது. மெஷின் அணைந்துதான் இருக்கிறது, பிளக்கே சொருகவில்லை. தென்னை மட்டைகள் சரசரவென்று ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த நொடியில் மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி, நாலு மி.மீ., ஐந்து மி.மீ. என்று நின்று, காற்று ஓய்ந்ததும் திரும்ப வந்தது. தம்பி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காற்று நேராகக் குழாய் வாயில் மோதினால் 4 மி.மீ. தண்ணீர் அளவுக்குத் தள்ளும். 40 ஆனால் 7. வேகம் கூடக் கூட அழுத்தம் அதன் வர்க்கமாகக் கூடும். அப்புறம் மெஷினைப் போட்டேன், காற்று ஓய்ந்த நேரத்தில் 11 மி.மீ., காற்று அடித்தபோது 15, 16, ஒரு தடவை 17. எல்லையைத் தாண்டிவிட்டது. காலையில் அமைதியான நேரத்தில் வந்து பார்க்கிற எந்த மெக்கானிக்குக்கும் இது தெரியாது. நான் உட்பட.

காற்றைத் திருப்ப முடியாது. ஆனால் அந்த 11 யாருடைய வேலை? அது குழாயின் வேலை. சுவருக்குள் போட்டிருந்தது 75 மி.மீ. பிவிசி, உள்ளளவு 70. மெஷின் கேட்பது 100 மி.மீ. வட்டத்தின் பரப்பு பாதியாகிவிட்டது. ஆனால் நஷ்டம் இரண்டு மடங்கோடு நிற்காது. ஒரே அளவு காற்றைத் தள்ள வேண்டும் என்றால் உரசலால் வரும் அழுத்த இழப்பு விட்டம் குறைவதன் ஐந்தாம் அடுக்காக ஏறும், 100 இருக்க வேண்டிய இடத்தில் 70 என்றால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கூடவே மூணு எல்போ. பிளம்பர் வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துப் போட்டிருப்பார், அவரிடம் கேட்டால் "காத்துதானே, எதுல வேணாலும் போகும்" என்பார். தண்ணீரைவிடக் காற்றுக்குத்தான் பெரிய வழி வேண்டும்.

இதில் ஒன்று கவனிக்கணும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் 4 அங்குலக் குழாய்க்கு 35 அடி வரை அனுமதி, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழித்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இங்கே 10 அடிக் குழாயும் மூணு வளைவும் சேர்த்து 25 அடிதான், பாஸ். நீளத்தை மட்டும் பார்த்தால் தப்பே தெரியாது. விட்டத்தில்தான் விஷயம். அதோடு அவர்கள் மெஷின் புளோயர் பெரியது, நம் ஊர்ச் சின்ன மெஷினுக்கு அவ்வளவு நீளம் எடுத்துக்கொள்ளக்கூடாது.

இந்தத் தடவை தயங்காமல் சொன்னேன், புதுவழி போடணும் என்று. வடக்குச் சுவரில் கோர் கட்டிங் மெஷின் வைத்து ஒரு ஓட்டை. மேல்காத்து வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போகுமே தவிர நேராக மோதாது. ஜன்னலிலிருந்து மூணு அடிக்கு மேல் தள்ளி இடம் பார்த்தேன், இல்லையென்றால் ஈரக் காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பும். கோயமுத்தூர் கணபதியில் மில் ஏசி டக்ட் செய்கிற ஒரு பட்டறையில் 26 கேஜ் ஜிஐ தகட்டில் 100 மி.மீ. குழாய் ஒன்றரை மீட்டர், ஒரே ஒரு நீளமான வளைவு, வெளி முனைக்கு ஒரு குடை, அதில் லேசான தகட்டு மூடி. மெஷின் ஓடினால் மூடி தானே திறக்கும், நின்றால் விழுந்து மூடிக்கொள்ளும், அணிலுக்கு அது போதும். பிவிசி வேண்டாம் என்றதற்குக் காரணம், சூட்டில் இளகும், உள்ளே பஞ்சும் ஒட்டும். இணைப்பில் ஸ்க்ரூ போடவில்லை, உள்ளே நீட்டுகிற ஸ்க்ரூ முனைதான் பஞ்சுக்கு முதல் கொக்கி. ஒரு குழாயின் முனை அடுத்த குழாய்க்குள் காற்று போகிற திசையில் நுழைகிற மாதிரி வைத்து, மேலே அலுமினிய டேப். வெளிப்பக்கம் லேசாகச் சரிவு, உள்ளே ஈரம் படிந்தாலும் சாரல் அடித்தாலும் தண்ணீர் மெஷின் பக்கம் வராது. பழைய ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. என் கூலி தவிர்த்து எல்லாம் 2,600 ரூபாய்.

அதற்கப்புறம்தான் புது ஃபியூஸைப் போட்டு, டியூபைச் செருகி மெஷினைப் போட்டேன். 3 மி.மீ., சில நேரம் 4. வெளியே காற்று அடித்தபோது தண்ணீர் ஏறவில்லை, ஒரு மயிரிழை எதிர்ப்பக்கம்கூடப் போனது, சுவரை உரசிப் போகிற காற்று குழாயை இழுத்துவிடுகிறது. சாயந்திரம் காற்று ஓய்ந்ததும் பை பிடித்தேன், 5 வினாடி. கிளாம்ப் மீட்டரில் முதல் 50 நிமிடம் 9.6 அசையவே இல்லை, அப்புறம்தான் முதல் 'டக்'. 7.1 கிலோ துணி ஒரு மணி பதினைந்து நிமிடத்தில் 4.6 கிலோ. பெட்ஷீட் ஓரத் தையலை விரலில் உருட்டிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கரண்ட் 2.4 யூனிட். பழைய நிலையில் 2.9 ஆனது. யூனிட்டில் பெரிய வித்தியாசம் வராது, ஏனென்றால் ஹீட்டர் முன்னாலும் பாதி நேரம் அணைந்துதான் கிடந்தது. மிச்சமானது நேரமும், மோட்டாரின் ஆயுளும், ராத்திரித் தூக்கமும்.

உங்கள் வீட்டில் இதே வகை மெஷின் இருந்து, முன்னைவிட நேரம் கூடினால், அல்லது துணி ஈரமாக இருக்கும்போதே மெஷின் மேல்தகடு கை வைக்க முடியாமல் சுட்டால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் வெளியே போய்க் குழாய் வாயில் கையை வையுங்கள். நல்ல காற்றா, மூச்சு விடுகிற மாதிரி வருகிறதா என்று கைக்கே தெரியும். ஃபில்டரில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஹோஸைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், அப்போது மெஷின் சரியாக ஓடினால் கோளாறு மெஷினில் இல்லை, குழாயில். யாராவது ஃபியூஸை மாற்ற வந்தால், எதனால் போனது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மாற்றவிட வேண்டாம், டைரக்ட் கொடுக்கிறேன் என்றால் மெஷினைத் தொடவே விடாதீர்கள்.

புரட்டாசியில் அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. குடை மூடி ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு, விரலால் எடுத்தேன், பை ஐந்தரை வினாடி. ஒன்றுதான் பாக்கி. அறைக்கு யூபிவிசி ஜன்னல், கொசுவுக்காக ராத்திரி இறுக்கமாக மூடிவிடுகிறார்கள், கதவும் மூடினால் மெஷின் இழுக்கக் காற்றே இல்லை. அப்படி மூடி வைத்துப் பை பிடித்தபோது ஏழு வினாடி ஆனது. கதவின் அடிப்பக்கம் ஒரு அடிக்கு அரை அடி வெட்டி லூவர் (காற்று போகச் சாய்வான பட்டைகள் வைத்த சட்டம்) வைக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் தீபாவளிக்கு அப்புறம் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் டிரையர் ஓடும்போது கதவுக்கு நடுவில் ஒரு தேங்காய் மட்டையைச் செருகி வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.